‘சும்மாதான இருக்க, ஒரு எட்டு போயிட்டு வா!’

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். முதுகில் டிஸ்க் விலகி, மூன்று வாரம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லி இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டாக்டர் சான்று கொடுத்தார். பைக் ஓட்டாதே, கனம் தூக்காதே என்றார். முதல் இரண்டு நாள் வீட்டில் நன்றாகத்தான் தாங்கினார்கள். மூன்றாம் நாள் ‘சும்மாதான இருக்க’ ஆரம்பித்துவிட்டது. கரண்ட் பில், ரேஷன் அரிசி, தங்கச்சி மகளுக்கு வருமானச் சான்று, ராமேஸ்வரத்துக்குப் பைக்கில் போய் மாமாவைக் கூட்டி வருவது... போன வாரம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை கூட்டிப் போனேன். மாட்டுத்தாவணியில் கம்பெனி ஆள் ஒருவர் பார்த்துவிட்டார். மறுநாளே மேனேஜர் போன் செய்தார். நான் செய்தது தப்பா? வேலைக்கு ஆபத்து வருமா?
– பெயர் வேண்டாம், உச்சிப்புளி

பதில்: பாதி தப்புதான் தம்பி.

மெடிக்கல் லீவில் இருப்பவர் வாசல்படி தாண்டக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இ.எஸ்.ஐ. விதி கேட்பது வேறு. லீவில் சம்பளத்துக்குப் பதில் அவர்கள் தரும் உதவித்தொகையை வாங்கும் நாட்களில் சிகிச்சையில் இருக்க வேண்டும், டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும், குணமாவதைக் கெடுக்கிற எதையும் செய்யக் கூடாது, சிகிச்சை தரும் பகுதியை விட்டு அவர் அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. நீங்கள் செய்ததை எல்லாம் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரண்ட் பில்லில் ஒன்றுமில்லை (அதைப் போனிலேயே கட்டலாம், ஆனால் யார் கேட்கிறார்கள்). 20 கிலோ அரிசி மூட்டையைக் குனிந்து தூக்கி பெட்ரோல் டாங்க் மேல் வைத்து ஓட்டி வந்திருந்தால், அது டாக்டர் சொன்னதற்கு நேர் எதிர். ராமேஸ்வரம் பயணம் அதைவிட மோசம். பாம்பன் பாலத்தில் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது இடுப்பை இறுக்கிக்கொண்டுதானே ஓட்டுகிறோம், நல்ல முதுகே மறுநாள் முனகும். புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்து ரயிலும் ஓடுகிறது, பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை, மாமாவையே ஏறி வரச் சொல்லியிருக்கலாம்.

மதுரைக்கு அம்மாவோடு போனதில் பாவமில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கிப் போனதை டாக்டரிடம் சொல்லாமல் போனீர்களே, அங்கேதான் சிக்கல். உடனே போய் அவரைப் பாருங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவின் ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மேனேஜர் திரும்பவும் கேட்டால் ‘அது நான் இல்லை சார்’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், பார்த்தவர் போட்டோ எடுத்து வைத்திருப்பார். அம்மாவுக்குக் கூட ஆள் இல்லை, போனேன், டாக்டரிடமும் சொல்லிவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உதவித்தொகை வாங்கும் நாட்களில் உங்களை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ சட்டம் இடம் தரவில்லை. திரும்பிப் போன பிறகு விளக்கம் கேட்டால் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். கடைசிச் சான்று வாங்கி, வேலைக்குத் தகுதி என்று எழுதிய பிறகே போய்ச் சேருங்கள்.

இன்னொன்றை வீட்டில் உள்ளவர்களிடம் போட்டு உடையுங்கள். இந்த நாட்களில் உங்களுக்கு வருவது சராசரி தினக்கூலியில் 70 சதவீதம்தான், பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு அதுவும் கிடையாது, வருஷத்துக்குச் சாதாரணமாக 91 நாள்தான். முதுகு மறுபடி பிடித்துக்கொண்டால் அந்த 91-லிருந்துதான் கழியும். காசுக் கணக்காகச் சொன்னால் நம் வீடுகளில் சட்டென்று புரியும். ரேஷனுக்குக் கார்டில் பெயர் உள்ள யார் போய்க் கைரேகை வைத்தாலும் போதும். தங்கச்சி மகளுக்கு இ-சேவை மையத்துக்கு வழி தெரியாதா என்ன?

நானும் ஒரு காலத்தில் டைஃபாய்டு வந்து கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தவன்தான். காய்ச்சல் விட்ட நாலாம் நாளே அண்ணன் ஒரு கட்டு கிரகப்பிரவேசப் பத்திரிகையைக் கையில் திணித்தார், பரமக்குடியில் பத்து வீடுதான், நிழலில் போயிட்டு வந்துடு என்றார். பரமக்குடியில் எங்கே நிழல்? போன வீட்டிலெல்லாம் கலர், காபி, முறுக்கு. அந்த வாரமே காய்ச்சல் திரும்பிவிட்டது, விசேஷத்தன்று நான் மாடியில் போர்வைக்குள் கிடந்தேன். ஏன் சாப்பிட வரவில்லை என்று அண்ணன் இன்றுவரை கேட்கிறார்.

கேள்வி: கர்ப்பப்பை ஆபரேஷன் செய்து இருபது நாள் ஆகிறது. நர்சரி ஸ்கூலில் டீச்சர், லீவில் இருக்கிறேன். நான் எங்கேயும் வெளியே போகவில்லை. ஆனால் சமையல், துணி, தண்ணீர் எல்லாம் நான்தான். ‘வீட்டு வேலைதானே’ என்கிறார் மாமியார்.
– வாசகி, பெரியபட்டினம்

பதில்: அம்மா, மேலே உள்ள தம்பியையாவது பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பார்த்துச் சொன்னார். அடுப்படியில் உங்களை யார் பார்த்துச் சொல்வது?

சமையலை உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதுபற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் சுமார் 15 கிலோ. நம்மூர்த் தள்ளுவண்டியில் ஆறு குடம் என்றால் 90 கிலோவை மணலில் உந்துகிறீர்கள், அப்புறம் ஒவ்வொன்றாக இறக்கி வேறு வைக்க வேண்டும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். உள்ளே போட்ட தையலுக்கு வீட்டு வேலை, வெளி வேலை என்ற வித்தியாசம் தெரியாது. ரத்தப்போக்கோ காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருந்தால் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த செக்கப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். மாமியாரையே துணைக்குக் கூட்டிப் போய், அவர் காதுபட டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் நூறு முறை சொல்வதைவிட அது எடுபடும். தண்ணீர் வண்டி இனி உங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயடியில் பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவர் கூச்சப்பட்டால், விடிவதற்கு முன்னால் போகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வரிசையும் குறைவாக இருக்கும்.