கைபேசி எடிட்டிங்கிலிருந்து கணினிக்கு: முதலில் எதைக் கற்பது?

கேள்வி: மூன்று வருடமாகக் கைபேசிச் செயலியிலேயே கல்யாண ரீல்ஸ், கடைத் திறப்பு விழா வீடியோ எல்லாம் எடிட் செய்து கொடுக்கிறேன். இப்போது 16 ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப் வாங்கி, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் போட்டிருக்கிறேன். திறந்தாலே பயமாக இருக்கிறது, அவ்வளவு பட்டன்கள். பிரீமியர் புரோ மென்பொருள் தெரிந்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறார்கள். பணம் கட்டி வகுப்பில் சேரட்டுமா? எங்கே தொடங்குவது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: எந்த மென்பொருள் என்ற கவலையை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் போட்டிருப்பதே போதும். ரிசால்வின் இலவசப் பதிப்பில் 4கே வீடியோவை வினாடிக்கு 60 ஃபிரேம் (தனிப் படம்) வரை எடிட் செய்து வெளியே எடுக்கலாம். கட்டணப் பதிப்புக்கு மட்டும் உரிய எஃபெக்ட்களைத் தொடாத வரை வாட்டர்மார்க் (படத்தின் மேல் முத்திரை) விழாது. பிரீமியருக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்க் கல்யாண ஸ்டுடியோக்கள் பலவற்றில் இன்னும் எடியஸ் என்ற மென்பொருள்தான் ஓடுகிறது. வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று ஸ்டுடியோக்களில் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு வாருங்கள். ஒன்றில் கை பழகியவருக்கு மற்றொன்றுக்கு மாறுவது பெரும்பாலும் ஷார்ட்கட் மாறும் சிரமம்தான்.

ரிசால்வின் அடியில் ஏழு பக்கங்கள் வரிசையாகத் தெரியும். முதல் மாதம் மீடியா (கோப்புகளைக் கொண்டுவர), எடிட் (வெட்ட), டெலிவர் (எக்ஸ்போர்ட் செய்ய) மூன்றையும் மட்டும் திறங்கள். கலர் பக்கம் கவர்ச்சியானது, எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். வெட்டு சரியில்லாத வீடியோவுக்கு எவ்வளவு நிறம் ஏற்றினாலும் அது சலிப்பான வீடியோதான்.

வேலை தொடங்குமுன் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் வீடியோ, ஆடியோ, படங்கள், எக்ஸ்போர்ட் என்று பிரித்து வையுங்கள். கைபேசிச் செயலியில் இது தேவைப்பட்டிருக்காது. இங்கே மென்பொருள் உங்கள் கோப்புகளை விழுங்குவதில்லை, அவை இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. பென்டிரைவில் இருந்தபடியே கிளிப்பை இழுத்துப் போட்டு எடிட் செய்துவிட்டு, பென்டிரைவைக் கழற்றினால் டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) முழுக்கச் சிவப்பாக மீடியா ஆஃப்லைன் என்று நிற்கும். எல்லாவற்றையும் லேப்டாப்பிலோ வெளி எஸ்.எஸ்.டி.யிலோ காப்பி செய்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துதான் வரும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது ஃபிரேம் ரேட். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ரிசால்வில் புது புராஜெக்ட் திறந்தால் வழக்கமாக வினாடிக்கு 24 ஃபிரேம் என்று இருக்கும். உங்கள் கைபேசி பெரும்பாலும் 30-இல் எடுத்திருக்கும், வாடகைக்கு எடுத்த கேமரா 25 அல்லது 50-இல் எடுத்திருக்கலாம். முதல் கிளிப்பை இழுக்கும்போது, புராஜெக்ட்டின் ஃபிரேம் ரேட்டை மாற்றவா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். படிக்காமல் அதை மூடிவிடாதீர்கள். மீடியா உள்ளே வந்தபின் அந்த அமைப்பு பூட்டிக்கொள்ளும். பிறகு வேறு ஃபிரேம் ரேட் வேண்டுமென்றால் தனி அமைப்போடு புது டைம்லைன்தான் போட வேண்டும். எந்தக் கேமராவில் அதிகக் காட்சிகள் இருக்கின்றனவோ அந்த எண்ணையே புராஜெக்ட்டுக்கும் வைப்பது நல்லது. தவறான எண்ணில் போட்டால் கேமரா நகரும் காட்சிகளில் ஒரு மெல்லிய தட்டல் தெரியும். காரணம் புரியாமல் கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கைபேசி வீடியோவில் இன்னொரு சிக்கல் உண்டு. பல கைபேசிகள் ஃபிரேம் ரேட்டை நிலையாக வைப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி ஏற்றி இறக்கும். நீளமான பேச்சில் உதடும் குரலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவது இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்பதைத் தேர்ந்து ஒருமுறை மாற்றிக்கொண்டு, அதன்பின் எடிட்டுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. 4கே கிளிப்புகள் லேப்டாப்பில் திணறினால் பிளேபேக் மெனுவில் டைம்லைன் ரெசல்யூஷனைப் பாதியாகவோ காலாகவோ குறையுங்கள். பார்க்கும்போது மட்டும்தான் தரம் குறையும், எக்ஸ்போர்ட்டில் குறையாது.

சரி, இனி வெட்டு. அடிப்படை என்று நான் சொல்வது முக்கியமாக இதைத்தான்.

பத்து நிமிடம் ஒருவர் பேசும் வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா கதை சொல்வதாக இருந்தால்கூடப் போதும். அதை மூன்று நிமிடமாக்குங்கள். டிரான்சிஷன், எஃபெக்ட், பின்னணி இசை எதுவும் வேண்டாம். மவுசைத் தொடாமல் ஜே, கே, எல் மூன்று விசைகளால் ஓட்டிப் பாருங்கள்: எல் முன்னால் ஓட்டும், ஜே பின்னால் ஓட்டும், கே நிறுத்தும். எல்-ஐ மறுபடி தட்டினால் வேகம் கூடும். தேவையான பகுதியின் தொடக்கத்தில் ஐ, முடிவில் ஓ என்று தட்டிக் குறித்து, எஃப்9 அழுத்தினால் அது டைம்லைனுக்குள் நுழைந்து மற்றவற்றைத் தள்ளிவைக்கும். எஃப்10 என்றால் அங்கே இருப்பதன் மேலேயே ஏறி உட்காரும். இன்சர்ட், ஓவர்ரைட் என்ற இந்த இரண்டின் வித்தியாசம் கையில் படிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அப்புறம் அழிப்பதில் இரண்டு வகை. ரிசால்வில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கிளிப் போய் இடைவெளி நிற்கும், டிலீட் அழுத்தினால் இடைவெளியும் மூடிக்கொள்ளும். இந்த மூடிக்கொள்ளும் வகைக்குத்தான் ரிப்பிள் என்று பெயர். டி (T) தட்டி ட்ரிம் கருவிக்குப் போனால் மேலும் இரண்டு முக்கியமான வேலைகள் நடக்கும். இரு கிளிப்புகள் சேரும் இடத்தை மட்டும் முன்பின் நகர்த்துவது ரோல். கிளிப் இருக்கும் இடமும் நீளமும் மாறாமல், அதன் உள்ளே தெரியும் பகுதியை மட்டும் மாற்றுவது ஸ்லிப். தாலி கட்டும் காட்சி கெட்டிமேளத்தோடு சரியாக விழவில்லை, ஆனால் முன்னும் பின்னும் உள்ள வெட்டுகளைக் கலைக்கவும் முடியாது என்றால் ஸ்லிப்தான் கைகொடுக்கும். கைபேசியில் அழித்து மறுபடி போட்டுச் செய்த வேலை இங்கே ஒரே இழுப்பில் முடியும்.

இது பழகியதும் படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்டாமல் பாருங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஆடியோவை மட்டும் பிடித்து நீட்டலாம். அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே மணப்பெண்ணின் முகத்துக்குப் போய்விட்டு, குரலை இரண்டு வினாடி தொடர விடுங்கள். அதற்கு எல் கட் என்று பெயர். அடுத்த காட்சியின் ஒலி முன்னதாகவே நுழைந்தால் ஜே கட். டிரான்சிஷன் எதுவும் இல்லாமலே வீடியோ வழுக்கிக்கொண்டு போவதை அப்போது உணர்வீர்கள்.

ஒலி அளவில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும். எக்ஸ்போர்ட்டுக்கு எம்.பி.4 கோப்பு, எச்.264 என்ற சுருக்கு முறை போதும். யூடியூபுக்கு 1080பி, 30 ஃபிரேம் என்றால் அவர்களே சொல்லும் பிட்ரேட் (ஒரு வினாடி வீடியோவுக்கான தரவின் அளவு) 8 எம்.பி.பி.எஸ்.

ஓர் எச்சரிக்கை. ரிசால்வ் உங்கள் புராஜெக்ட்டைத் தனிக் கோப்பாக அந்த ஃபோல்டரில் வைப்பதில்லை, தன்னுடைய புராஜெக்ட் லைப்ரரிக்குள் வைத்துக்கொள்கிறது. ஃபோல்டரை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸை அழித்துப் போட்டால், வீடியோ இருக்கும், எடிட் போய்விடும். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் புராஜெக்ட் மேனேஜரில் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்தச் சிறு கோப்பை ஃபோல்டரிலேயே வையுங்கள்.

வகுப்பைப் பொறுத்தவரை இப்போதைக்குச் சேர வேண்டாம் என்பேன். ரிசால்வை உருவாக்கும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனமே தன் இணையதளத்தில் பயிற்சிப் புத்தகங்களையும், கூடவே பழக வேண்டிய காட்சிகளையும் இலவசமாகத் தருகிறது. ஆங்கிலம்தான், ஆனால் படங்களைப் பார்த்தே பின்தொடரலாம். இரண்டு மாதம் அதில் உழைத்த பிறகும் சேரத் தோன்றினால், பயிற்சிக்கு என்ன ஃபுட்டேஜ் தருவார்கள், நீங்கள் வெட்டியதை உட்கார்ந்து பார்த்துத் திருத்துவது யார் என்று இரண்டையும் கேளுங்கள். டெம்ப்ளேட்டில் படத்தை மாற்றிப் போடுவதைத்தான் சொல்லித்தருகிறார்கள் என்றால், அந்தப் பணத்தில் ஒரு வெளி எஸ்.எஸ்.டி.யும் நல்ல ஹெட்ஃபோனும் வாங்கிக்கொள்ளுங்கள்.