போதைப்பொருள் வழக்கில் ‘போர்க் கைதி’ என்று வாதிடலாமா?

எண்ணூர் வாசகரின் கேள்வி: வெளிநாட்டுச் சரக்குப் படகில் வேலை பார்த்த என் தம்பி, படகில் 2 கிலோ மெத்தாம்பெட்டமைன் சிக்கியதால் கைதாகிப் புழல் சிறையில் இருக்கிறான். மூட்டையில் என்ன இருந்தது என்றே அவனுக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் அவனைப் பயங்கரவாதி என்கிறார்கள். சொந்தபந்தங்கள் எங்களோடு பேசுவதில்லை. கடத்தல் கும்பல்களோடு ஆயுத மோதல் நடப்பதாக அமெரிக்காவே சொல்லும்போது, அவனைப் போர்க் கைதியாக நடத்தக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா?

பதில்: தொலைக்காட்சியும் சொந்தபந்தமும் தந்த வேதனை உண்மையானது, ஆனால் வழக்கில் அதற்கு இடமில்லை. சட்டப்படி பார்க்க வேண்டியது, இங்கே ஆயுத மோதல் இருக்கிறதா என்பது ஒன்றுதான். 1995இல் டாடிச் வழக்கில், முன்னாள் யுகோஸ்லாவியாவின் போர்க் குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம் சொன்னபடி, ஆயுத மோதல் என்று கொள்ள அரசுக்கும் கட்டமைப்புள்ள ஆயுதக் குழுவுக்கும் இடையே நீடித்த ஆயுத வன்முறை நடந்தாக வேண்டும். மெக்சிகோவின் சில கும்பல்கள் அந்த அளவை எட்டியிருக்கின்றனவா என்று சட்ட அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். 2025இல் கரீபியன் கடலில் படகுகளைத் தாக்கிய அமெரிக்கா சொன்ன விளக்கத்தை ஐ.நா. மனித உரிமை நிபுணர்களே ஏற்கவில்லை. வங்கக் கடலில் அப்படியொரு மோதல் இல்லை. இருந்தாலுமே, அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் இடையிலான மோதலில் போர்க் கைதி என்ற தகுதி எவருக்கும் கிடையாது. போரில் சிக்கியவர்களைக் காக்கும் 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவாக உள்ள 3ஆம் பிரிவு மனிதாபிமான நடத்தையையும் முறையான விசாரணையையும் தருகிறதே தவிர, குற்ற வழக்கைத் தடுப்பதில்லை.

என் அச்சம் மனு தள்ளுபடியாகும் என்பதல்ல, அதில் நீங்கள் எழுதப்போகும் வாசகங்களைப் பற்றியது. போர்க் கைதி என்று கோரினால், உங்கள் தம்பி ஓர் ஆயுதக் குழுவின் ஆள், அதன் உத்தரவுப்படி நடந்தவர் என்று நீங்களே பிரமாணம் செய்ததாகிவிடும். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, அவர் தெரிந்தே செய்தார் என்று அனுமானித்துத்தான் தொடங்குகிறது. தெரியாது என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை அவருடையது. மெத்தாம்பெட்டமைனில் 50 கிராமே வணிக அளவு, அதாவது ஜாமீன் விதிகள் கடுமையாகும் அளவு என்பதால், அவர் குற்றவாளி அல்லர் என நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதி கருதினால் மட்டுமே 37ஆம் பிரிவின்படி ஜாமீன் கிடைக்கும். அந்த விசாரணையில் அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்து வாசிப்பது உங்கள் ரிட் மனுவாகத்தான் இருக்கும். விசாரணை அதிகாரியிடம் 67ஆம் பிரிவின் கீழ் தந்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்று டூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு கையில் இருக்கும்போதே, குடும்பத்தார் அவசரத்தில் தாக்கல் செய்த மனுக்களால் எதிர்வாதம் குலைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த ரிட் மனுவைக் கைவிடுங்கள்.

சமரசத்துக்கு இந்தச் சட்டத்தில் இருக்கும் குறுகிய வழி 64ஆம் பிரிவு: சரக்கை ஏற்றியவர் யார், வாங்கவிருந்தவர் யார் என்பது உங்கள் தம்பிக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால், முழுமையாகச் சொல்வதற்கு ஈடாக வழக்கிலிருந்து விலக்களிக்கும் அதிகாரம் மத்திய, மாநில அரசுகளுக்கு உண்டு. அது விசாரணை அதிகாரியின் அதிகாரம் அல்ல. எனவே அவர் வாய்மொழியாகத் தரும் உறுதியை நம்பி எதையும் சொல்லாமல், அரசின் எழுத்துப்பூர்வ உத்தரவு கைக்கு வரும்வரை உங்கள் தம்பி தன் வழக்கறிஞர் மூலமாக மட்டுமே பேசட்டும்.