பொத்தல் போட்ட குஞ்சு வெளியே வரவில்லை, கை கொடுக்கலாமா?

கேள்வி: தெர்மாகோல் பெட்டியில் பல்ப் போட்டு வீட்டிலேயே செய்த இன்குபேட்டரில் சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகள் வைத்தேன். பாதிக்கு மேல் பொரித்துவிட்டது. ஒரு முட்டையில் மட்டும் நேற்று காலை பொத்தல் விழுந்தது, இன்று காலை வரை அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்து கத்திக்கொண்டே இருக்கிறது. ஓட்டை உரித்து எடுத்துவிடு என்கிறார் மாமியார். தானாக வராத குஞ்சு எப்படியும் பிழைக்காது, விட்டுவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த முட்டைக்கு ஒரு முடிவு தெரிந்திருக்கும். குஞ்சு நல்லபடியாக வந்திருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். ஆனால் அடுத்த அடையிலும் இதே குழப்பம் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொத்தல் விழுந்த பிறகு குஞ்சு சும்மா கிடக்கிறது என்று நாம் நினைக்கிற நேரத்தில்தான் உள்ளே பெரிய வேலை நடக்கிறது. 20ஆம் நாள் வாக்கில் அது முட்டையின் அகன்ற பக்கத்துக் காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது, கீச்சொலி கேட்க ஆரம்பிப்பதும் அப்போதுதான். அந்த அறைக் காற்று போதாமல் போகப் போக கரியமில வாயு ஏறும், பிடரித் தசை வெட்டி வெட்டி இழுக்கும், அலகின் நுனியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் முட்டைப்பல் ஓட்டில் இடித்து இடித்து ஒரு சில்லு பெயரும். நீங்கள் பார்த்த பொத்தல் இதுதான். அதுவரை குஞ்சுக்கு மூச்சு கொடுத்தது ஓட்டின் உட்புறம் படர்ந்திருந்த இரத்தக் குழாய்ச் சவ்வு. இனி அந்தக் குழாய்களில் இருக்கும் இரத்தம் உடம்புக்குள் திரும்ப வேண்டும், மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் முடிய 12 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். முடிந்த பிறகு குஞ்சு மெல்லச் சுழன்று ஓட்டை வட்டமாக வெட்டிக்கொண்டு வரும், அந்த வெட்டு தொடங்கிவிட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

உங்கள் மாமியார் சொல்வதில் எனக்கு இருக்கிற பயம் இதுதான். இரக்கப்பட்டு அவசரமாக உரித்தால் இரத்தம் திரும்பாத குழாய் அறுந்துபோகும், முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு உடம்பில் இருக்கிற இரத்தமே கொஞ்சம், அதில் சில சொட்டு போனாலே பெரிய நஷ்டம். கத்துகிறதே என்று பதறாதீர்கள். நல்லபடியாகப் பொரிக்கப் போகிற குஞ்சும் கத்தத்தான் செய்யும், விட்டு விட்டுக் கத்திவிட்டு நடுவில் நீண்ட நேரம் தூங்கும்.

அண்ணன் சொல்வதை நான் முழுசாக ஏற்க மாட்டேன். கோழி அடை காத்த முட்டை என்றால் அவர் பேச்சுக்குக் காது கொடுக்கலாம், ஏனென்றால் சூட்டையும் ஈரத்தையும் கோழி சரியாகப் பார்த்துக்கொள்ளும், அப்படியும் வராத குஞ்சிடம் பெரும்பாலும் ஏதோ குறை இருக்கும். இன்குபேட்டரில் அப்படி இல்லை. கரண்ட் போயிருக்கும், தண்ணீர்த் தட்டு காய்ந்திருக்கும், முதல் குஞ்சு வந்த சந்தோஷத்தில் வீட்டுப் பிள்ளைகள் நாலு தடவை மூடியைத் திறந்து பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி, பொத்தல் விழுந்த மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்துவிடும். தெம்பான குஞ்சுகூட அந்தக் காய்ந்த சவ்வுக்குள் மாட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் தவிக்கும். நாம் காயவிட்ட சவ்வுக்குள் மாட்டியதைப் பலவீனமான குஞ்சு என்று சொல்லி ஒதுக்குவது நியாயமே இல்லை, அதற்குக் கை கொடுக்கத்தான் வேண்டும்.

எப்போது கொடுப்பது? கடிகாரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். 24 மணி நேரம் தாண்டியும் பொத்தல் கொஞ்சம்கூடப் பெரிதாகவில்லை என்றால் பொத்தலுக்குள் உற்றுப் பாருங்கள். சவ்வு வெள்ளையாக, ஈரமாக, தொய்வாக இருந்தால் மூடியை மூடிவிட்டு இன்னும் சில மணி நேரம் காத்திருங்கள். பழுப்பேறி வெங்காயச் சருகு மாதிரி விறைத்து அலகோடு ஒட்டியிருந்தால் அது மாட்டிக்கொண்டிருக்கிறது. வட்டமாக வெட்ட ஆரம்பித்து பாதியில் பல மணி நேரம் நின்றுபோயிருந்தாலும், கீச்சொலி வரவர மெலிந்துகொண்டே போனாலும் அதே கதைதான். இன்னொன்று, வாயை மெல்லுகிற மாதிரி திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் மஞ்சள் கரு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள், அந்த நேரத்தில் கை வைக்க வேண்டாம்.

உதவி என்றால் குஞ்சை வெளியே எடுப்பது இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, ஜன்னல் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். பொத்தலைச் சுற்றி நகத்தாலோ சாமணத்தாலோ ஓட்டுச் சில்லை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுங்கள், சவ்வை விட்டுவிடுங்கள். காற்றறை இருக்கும் பகுதிக்கு மேல் மட்டும்தான் இந்த வேலை, அதற்குக் கீழே போக வேண்டாம். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் சவ்வை ஒற்றுங்கள், மூக்குத் துளைக்குள் ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது. நனைந்ததும் சவ்வு கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருப்பது தெரியும். சிவப்புக் குழாய்கள் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு முட்டையைத் திரும்ப உள்ளே வைத்து நாலைந்து மணி நேரம் கழித்துப் பாருங்கள். குழாய் எதுவும் தெரியவில்லை என்றால் அலகைச் சுற்றியிருக்கும் சவ்வை மெல்ல விலக்கி, தலை நிமிர வழி செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எங்கேயாவது இரத்தம் கசிந்தால் சுத்தமான பஞ்சால் லேசாக அழுத்திப் பிடித்து, நின்றதும் அன்றைக்கு வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதி ஓட்டைக் குஞ்சே காலால் உதைத்துக் கழற்றட்டும், தொப்புள் இருப்பது அந்தப் பக்கம்தான், முழுசாக மூடியிருக்கிறதா என்று வெளியில் இருந்து உங்களால் சொல்ல முடியாது.

பல்ப் பெட்டிக்காக ஒரு விஷயம். 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆழமான டம்ளர் வைத்துப் பிரயோஜனம் இல்லை, அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள். முதலில் பொரித்த குஞ்சுகளுக்குத் தீனி கொடுக்க வேண்டுமே என்று மூடியைத் திறக்காதீர்கள். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு அவற்றுக்கு இரண்டு நாளைக்குத் தாங்கும்.

கேள்வி: அடைக்கோழி பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. மிச்சம் இரண்டு முட்டை கூடையில் கிடக்கிறது. கூமுட்டை என்று தூக்கிப் போட்டுவிடலாமா?
- வாசகர், மணப்பாறை

பதில்: போடாதீர்கள். முதலில் காதோடு வைத்துக் கேளுங்கள், சத்தமோ தட்டலோ கேட்டால் உயிர் இருக்கிறது. கேட்கவில்லை என்றால் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றறைப் பக்கம் நிழல் அசைந்தால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. முட்டை தொடுவதற்குச் சில்லென்று இருப்பதை மட்டும் வைத்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது, வளர்ந்த குஞ்சு கொஞ்ச நேரக் குளிரைத் தாங்கும். அசைவு இருந்தால் உடனே சூட்டில் வையுங்கள், இன்குபேட்டர் இருந்தால் 37.5 டிகிரி செல்சியஸ். இல்லை என்றால், கோழி இரவில் குஞ்சுகளோடு கூட்டில் அடையும்போது சத்தமில்லாமல் அதன் வயிற்றுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அடைக்கு வைக்கும்போது முன்னும் பின்னுமாக நாலைந்து நாள் சேர்த்த முட்டைகளை ஒரே நாளில் வையுங்கள். கோழி உட்கார்ந்த பிறகு தினம் ஒன்றாகக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தால் கடைசி முட்டைகளுக்கு இந்தக் கதிதான் வரும். அசைவும் இல்லை, நாற்றமும் அடிக்கிறது என்றால் உடைக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு போய்ப் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: வெந்நீரில் முட்டையை மிதக்கவிட்டால் உயிருள்ளது ஆடும் என்று எங்கள் பாட்டி சொல்வார். செய்து பார்க்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பொத்தல் விழுந்த முட்டை என்றால் கண்டிப்பாகக் கூடாது, குஞ்சு மூழ்கிச் செத்துவிடும். பொத்தல் விழாத முட்டையிலும் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, அதோடு கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தண்ணீர் நேராக உள்ளே போகும். அந்தக் காலத்தில் பாட்டியிடம் டார்ச் இல்லை. உங்களிடம் செல்போனிலேயே இருக்கிறது.

கேள்வி: போன அடையில் அவசரப்பட்டு ஒரு குஞ்சை உரித்து எடுத்துவிட்டேன். வயிற்றில் மஞ்சளாக ஒரு பை தொங்கியது. என்ன செய்திருக்க வேண்டும்?
- வாசகி, காரைக்குடி

பதில்: அந்தப் பைதான் உள்ளே போகாத மஞ்சள் கரு. அதை வெட்டவோ, நூலால் கட்டவோ, விரலால் உள்ளே தள்ளவோ கூடாது. சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை மடித்து வைத்து, குஞ்சைப் பை நசுங்காமல் அதில் உட்காரவைத்து, கிண்ணத்தோடு இன்குபேட்டரில் வையுங்கள். நகராமல் இருந்தால் சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ பை தானாக உள்ளே போகக்கூடும். மற்ற குஞ்சுகளைக் கிட்டே விடாதீர்கள், கொத்திவிடும். உள்ளே போன பிறகு தொப்புளில் போவிடோன் அயோடின் ஒரு சொட்டு ஒற்றிவிட்டு, காயும்வரை தனியாகவே வையுங்கள். பை கிழிந்து ஒழுகிவிட்டால் பிழைப்பது கஷ்டம், நாற்றம் வந்தாலோ பச்சை நிறம் ஏறினாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.