புஜ்ஜி உங்க காலைத்தான் பாப்பா

வணக்கம் சார். நீங்க உங்க நாய் செவலையோட ஈசிஆர்ல, நாய்ங்க தடை தாண்டி ஓடப் பழகுற அஜிலிட்டி கேம்ப் போனதா எழுதியிருந்தீங்க. எங்க புஜ்ஜி தெருவுல எடுத்த நாட்டு நாய், ரெண்டு வயசு. லேப்ரடார், பார்டர் கோலின்னு வர்ற இடத்துல இவள சேத்துப்பாங்களா? சொன்ன பேச்சே கேக்க மாட்டா. வீட்டுல வேற சர்க்கஸ் நாயாக்கப் போறியான்னு கேக்குறாங்க.
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

வணக்கம்மா,

தாராளமா கூட்டிட்டுப் போங்க. செவலையும் தெருவுல கெடச்சவதான், எங்க கேம்ப்ல யாரும் ஜாதி கேக்கல, தடுப்பூசி அட்டையத்தான் கேட்டாங்க.

சர்க்கஸ்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க. 1978ல லண்டன்ல க்ரஃப்ட்ஸ் நாய் கண்காட்சில, குதிரைங்க தடை தாண்டுற போட்டிய வச்சுதான் இந்த அஜிலிட்டிய மொதல்ல செஞ்சு காட்டினாங்க. போட்டில ஓடுறப்ப கயிறு கெடையாது, கையில பிஸ்கட் இருக்கக்கூடாது, நாயத் தொடவும் கூடாது. அப்ப அடிச்சு மிரட்டி எப்படி ஓட வைக்க முடியும், அதுக்கு நம்மகூட ஓடப் பிடிச்சாத்தான் உண்டு.

பேச்சு கேக்க மாட்டான்னு எழுதியிருக்கீங்க, நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். மொத நாள் நான் "ஜம்ப் ஜம்ப்"னு கத்துறேன், செவலை ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருக்குற டனல் குழாய்க்குள்ள நுழையுறா. நாலாவது தடவை கோச் வந்து என் ஷூவக் காட்டினார், வாய் ஜம்ப்னு சொல்லுது, ரெண்டு காலும் தோளும் டனல் பக்கம் திரும்பி நிக்குது. நாய்ங்க பேச்ச விட உடம்பத்தான் மொதல்ல படிக்கும். கால லேசா திருப்பி ஓடினேன், ஒரு வார்த்தை சொல்லல, அவ கம்பியத் தாண்டி என் பக்கத்துல வந்து மூச்சு வாங்கிட்டு நின்னா. இத்தனை நாளா அவ நான் காட்டினதத்தான் செஞ்சிருக்கான்னு புரிஞ்சப்ப எனக்குத் தொண்ட அடைச்சிருச்சும்மா.

நாய் ஏறி நடந்தா மறுபக்கம் சாயுற சீசா பலகைக்கு மட்டும் அவசரப்படுத்த விடாதீங்க. பலகை டப்புனு தரையில அடிக்குற சத்தம், தீபாவளி வெடிக்கு கட்டிலுக்கடியில ஒளியுற நாய்க்கு எப்படி இருக்கும். எங்க கோச் பலகை முனைக்கு அடியில பழைய தலகாணி வச்சு, கொஞ்சம் கொஞ்சமா எடுத்தார், செவலைக்கு ரெண்டு நாள் முழுக்க அதுக்கே போச்சு, போகட்டும். ஏறி இறங்குற சரிவுப் பலகையோட கீழ் முனையில மஞ்சள் பெயின்ட் இருக்கும், இறங்குறப்ப அதுல கால் வச்சுதான் இறங்கணும், மேலருந்தே குதிச்சா தோள்பட்டைல அடி படலாம்.

புஜ்ஜிக்கு ரெண்டு வயசுங்கறது நல்லது. எலும்பு முத்தாத குட்டிய உயரம் தாண்ட விடக்கூடாது, சர்வதேச போட்டிகள்ல 18 மாசம் ஆகாத நாயச் சேக்குறதே இல்ல.

நம்ம ஊருக்குப் பெரிய விஷயம் வெயில். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டத் தணிச்சுக்கும், கடக்கரை புழுக்கத்துல அதுவும் சரியா நடக்காது. எங்களுக்கு ஜனவரில காலைல ஆறரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள முடிச்சாங்க. சித்திரை மாசம் பத்து மணிக்குன்னு யாராவது சொன்னா, பணம் கட்டியிருந்தாலும் போகாதீங்க.

கேம்ப் போற வரைக்கும் மொட்டமாடில ரெண்டு செங்கல் மேல தொடப்பக்கட்டைய வச்சு, சாயங்காலம் அவகூட சேந்து ஓடுங்க, வாயத் தொறக்காம. கேம்ப் அன்னிக்கு காலைல சாப்பாட்டக் கொறச்சுட்டு, உப்பு போடாம வேகவச்ச சிக்கன பொடிசா நறுக்கி எடுத்துட்டுப் போங்க, ட்ரெய்னிங்ல அதுக்குத் தடை இல்ல. போயிட்டு வந்து எழுதுங்கம்மா, புஜ்ஜி டனலுக்குள்ள போனாளான்னு.