டாக்டர் சீட்டுக்காக நிலத்தை விற்காதீர்கள்

நாமக்கல்லிலிருந்து வந்து உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டது, "நிலத்தை வித்தாவது ஒரு சீட் வாங்கிடலாமா சார்?" என்றுதான். மகளுக்கு இரண்டாவது முறையும் நீட் கைகொடுக்கவில்லை. தாய்மாமா ஒரு தனியார் கல்லூரியில் பேசி வைத்திருக்கிறாராம். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினால் இன்று நிம்மதியாகத் தூங்குவீர்கள், நிலம் போய்விடும். அதனால் நேராகவே சொல்கிறேன்: விற்காதீர்கள். பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. மேற்படிப்புச் செலவு அதற்கப்புறம் வரும். அதில் மாமா எவ்வளவு தருவார் என்று கேளுங்கள்.

உங்கள் மகளிடம் தனியாகப் பேசினேன். பாட்டியின் பி.பி. அளவைக் காலையும் இரவும் நோட்டில் எழுதுகிறாள். ஆஸ்பத்திரியில் 160, வீட்டில் 138 என்று வந்ததும், ஏன் என்று தேடிப் படித்திருக்கிறாள். டாக்டரைப் பார்த்ததும் ஏறும் அழுத்தம் பற்றித் தனி ஆய்வுகளே இருப்பது அவளுக்குத் தெரியும். நோயாளிகளைப் பார்க்க ஆசையா என்றேன். "இல்ல சார், இந்த நம்பர் எல்லாம் சரியான்னு பாக்கத்தான் ஆசை" என்றாள்.

நர்சிங், பார்மசி பற்றி ஊரே சொல்லும். நான் சொல்வது மருத்துவ ஆய்விதழ் வேலை, அதாவது டாக்டர்களின் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் இதழில் அவற்றைச் சரிபார்க்கும் எடிட்டர் வேலை.

இரத்த அழுத்தத்துக்கென்றே பல இதழ்கள் இருக்கின்றன. அமெரிக்க இதயச் சங்கம் 1979இல் ஒன்றைத் தொடங்கியது. 'ஜர்னல் ஆஃப் ஹைப்பர்டென்ஷன்' 1983இல் வந்தது. இங்கே ஒரு மருத்துவச் சங்கம் புதிதாக ஒன்று தொடங்குகிறது என்று வையுங்கள். பெரிய டாக்டர்கள் ஆசிரியர் குழுவில் இருப்பார்கள். இதழுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். வாங்குவது, ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர இணைய அடையாளம் போடுவது, கட்டுரையைப் படித்துத் தரம் சொல்லும் மதிப்பீட்டாளர்களைத் தேடிப்பிடித்து விடாமல் கேட்டுக் கருத்து வாங்குவது எல்லாம் யார் செய்வது? பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தேடல் பட்டியலில் ஏறாத இதழுக்கு நல்ல கட்டுரை வராது, நல்ல கட்டுரை இல்லாமல் அதில் ஏறவும் முடியாது. அந்த முதல் சில ஆண்டுகளைத் தாங்குபவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எடிட்டர்கள்தான்.

ஒரு கட்டுரை வருகிறது. மாத்திரையால் பி.பி.யின் மேல் அளவு 12 குறைந்தது என்கிறது. எந்தக் கருவியில் அளந்தீர்கள்? கையில் சுற்றும் பட்டை சரியான அளவா? அளக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைத்தீர்களா? அட்டவணையில் 120 பேர், உரையில் 118 பேர், அந்த இரண்டு பேர் எங்கே? மருத்துவச் சோதனைகளுக்கான நம் நாட்டுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்தது முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பா, பின்பா? இப்படி முன்கூட்டியே பதிவு செய்யாத மருத்துவச் சோதனைகளை முக்கிய இதழ்கள் 2005 முதல் ஏற்பதில்லை. சி.டி.ஆர்.ஐ. 2007இல் வந்தது. இதையெல்லாம் கேட்காமல் அச்சிட்ட கட்டுரையை நம்பி மருந்தை மாற்றினால், அடிபடுவது உங்கள் வீட்டுப் பாட்டி போன்றவர்கள். உங்கள் மகள் இந்தக் கேள்விகளை இப்போதே கேட்கிறாள்.

முதல் குரூப் படித்தவள், கணிதத்தில் நல்ல மதிப்பெண். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் சேருங்கள், கட்டணம் உங்களுக்குச் சுமையாக இருக்காது. அப்புறம் வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு, அதாவது மருத்துவப் புள்ளியியலுக்கு, முயலட்டும். வெளிநாட்டு ஆய்விதழ்களின் எடிட்டிங், பக்க அமைப்பு வேலைகள் நெடுநாளாகச் சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கின்றன, முதல் வேலையை அங்கே தேடலாம். அனுபவம் வந்த பிறகு உயிரறிவியல் எடிட்டர்களுக்கான பெல்ஸ் தேர்வு எழுதலாம். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. இலக்கணத் திருத்தத்தை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது, அதனால்தான் புள்ளியியலை வற்புறுத்துகிறேன்.

ஆறு மாத மெடிக்கல் ரைட்டிங் கோர்ஸ், வேலை உறுதி என்று பெரிய தொகை கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களில் வேலைக்கும் அனுப்பாதீர்கள், பழகும் கண் கெட்டுவிடும்.

மூன்றாவது முறை நீட் எழுதுவது அவள் கேட்டால் மட்டும். என்னிடம் அவள் கேட்கவில்லை. கலைக் கல்லூரிகளில் மீதி இடங்கள் நிரம்புவதற்குள் விண்ணப்பத்தைப் போடுங்கள், மாமாவிடம் அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.