குட்வின் மணல்திட்டு: பழைய சார்ட்டும் ஆழ டேட்டாவும் ஒட்டலைன்னு கேட்டவருக்கு

நண்பரே, இங்கிலாந்தோட தென்கிழக்குக் கரைக்கு எதிர்ல இருக்கற குட்வின் மணல்திட்டோட 1840கள் அட்மிரால்டி சார்ட்டை (பிரிட்டிஷ் கடற்படையோட கடல் வரைபடம்) க்யூஜிஐஎஸ்ங்கற வரைபட மென்பொருள்ல ஏத்தினா கப்பல் சிதைவுக் குறியெல்லாம் தள்ளிப் போகுது, ஜெப்கோங்கற உலகக் கடல் ஆழ கிரிட்ல அந்த இடத்துல ஒண்ணுமே தெரியலன்னு எழுதியிருந்தீங்க. ஸ்கிரீன்ஷாட்ல நீங்க கன்ட்ரோல் பாயின்ட் (சார்ட்டை நிஜ இடத்தோட பொருத்தற புள்ளி) வச்சிருக்கறது மணல்திட்டோட ஓரத்துல, அதான் தப்பு. குட்வின் மணல் ஒரு இடத்துல நிக்காது, நகர்ந்துக்கிட்டே இருக்கும், அதனால அதையெல்லாம் அழிச்சிட்டு டீல் கோட்டை, சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கம் மாதிரி கரையில அசையாம நிக்கறதைப் பிடிங்க.

ஜெப்கோல கப்பல் தேடவே தேடாதீங்க. அது 15 ஆர்க் செகண்ட் கிரிட், அதாவது வடக்கு தெற்கா ஒரு கட்டம் கிட்டத்தட்ட 460 மீட்டர், 50 மீட்டர் மரக்கப்பல் அதுல எங்க தெரியும்? பிரிட்டிஷ் ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸ் மல்டிபீம் சர்வே (ஒலி அலையால கடலடியை அளக்கறது) டேட்டாவை இலவசமாவே தர்றாங்க, அதை இறக்கி ஹில்ஷேட் (மேடு பள்ளம் தெரியற மாதிரி நிழல்) போட்டுப் பாருங்க, மேடும் பக்கத்துல நீரோட்டம் அரிச்ச பள்ளமும் சேர்ந்து தெரிஞ்சா அங்க கப்பல் இருக்கலாம், நல்லா உத்துப் பாக்கணும்.

ஆழத்தை ஒப்பிடறப்போ பழைய சார்ட்ல ஃபாதம்னா 6 அடி, அதுவும் அந்தக்கால தாழ்நீர் மட்டத்துல இருந்து அளந்தது, இன்னைக்கு டேட்டாவோட மட்டம் வேற.

ஒண்ணும் தெரியலன்னாலும் அந்தச் சிதைவுக் குறியை அழிச்சிடாதீங்க ப்ளீஸ். 1703 புயல்ல மூழ்கின ஸ்டிர்லிங் கேசில்ங்கற போர்க்கப்பல், மணல் விலகி 1979லதான் டைவர்கள் கண்ணுல பட்டுச்சு.