பாதி விலைதான் சொன்னேன் அக்கா!

இந்த மாசம் வந்த கடிதங்கள பிரிச்சு அடுக்கினப்ப ஒண்ணு கவனிச்சேன், முக்காவாசிப் பேர் ஆரம்பிக்கறதே "சிரிக்காதீங்க அக்கா"ன்னுதான். சிரிக்கல. சரி, ரெண்டு எடத்துல சிரிச்சேன், அதுவும் என் கதைய யாரோ எட்டிப் பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு, அதனால.

கேள்வி: ரெண்டு பசங்களோட வீட்லயே இருக்கேன். போன வாரம் ஒரு ஹேண்ட்பேக் வாங்கினேன். எவ்ளோன்னு வீட்டுக்காரர் கேட்டாரு, டக்குன்னு பாதி விலைய சொல்லிட்டேன். அவரு திட்டற ஆளே இல்ல. ஏன் பொய் சொன்னேன்னு எனக்கே தெரியல. பேக்க மாட்டும்போதெல்லாம் உறுத்துது.

நீங்க பாதியாச்சும் சொன்னீங்க. நான் ஒரு தடவ செருப்பு வாங்கி, டப்பாவ தூக்கிப் போட்டுட்டு, செருப்ப மட்டும் வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி நாலு நாள் ஒளிச்சு வெச்சிருந்தேன், அஞ்சாவது நாள் போட்டுக்கிட்டு வந்து "இதுவா, பழசுதான்"னு சொல்றதுக்கு ஒத்திகையெல்லாம் பாத்தாச்சு. எல்லாம் சரியாத்தான் போச்சு, சின்னவன் மட்டும் அப்பதான் நம்பர் படிக்க கத்துக்கிட்டு இருந்தான், செருப்ப தலைகீழா திருப்பி அடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர ஒவ்வொரு நம்பரா, அவ்ளோ சத்தமா, அவ்ளோ பெருமையா வாசிச்சான் பாருங்க. வீட்டுக்காரர் "பரவால்லயே, தப்பில்லாம படிக்கறானே"ன்னாரு. அவ்ளோதான். ஒரு வார்த்த அதிகமா கேக்கல. நான்தான் மூணு நாள் மூஞ்சிய காட்டாம சுத்தினேன்.

திட்டற ஆள் இல்லன்னா அப்ப யாருக்குப் பயப்படறோம்? "நாம சம்பாதிக்கலயே"ன்னு உள்ள உக்காந்துக்கிட்டு ஒருத்தி கணக்கு எழுதறா இல்ல, அவளுக்குத்தான். அவளுக்கு அந்தக் கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா, நாட்டுக் கணக்கே அப்படித்தான் எழுதி இருக்கு. 1934ல சைமன் குஸ்நெட்ஸ்னு ஒரு பொருளாதார நிபுணர் அமெரிக்காவோட தேசிய வருமானத்த கணக்குப் போட்டுக் குடுத்தாரு, இன்னைக்கு ஜிடிபி, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்புன்னு சொல்றோமே, அதுக்கெல்லாம் முன்னோடி அதுதான், அதுல வீட்டுல பெண்கள் செய்யற வேலைய சேக்கல, சேக்கலன்னு அவரே சொல்லவும் செஞ்சாரு. அதே 1934ல மார்கரெட் ரீட்னு ஒரு அம்மா, அவங்களும் பொருளாதாரம் படிச்சவங்கதான், ஒரு சின்ன சோதனைய சொன்னாங்க: நீங்க செய்யறத காசு குடுத்து இன்னொருத்தர செய்யச் சொல்ல முடியுமா? முடியும்னா அது வேலை. பிள்ளைய குளிப்பாட்டறது, துணி மடிக்கறது, ஹோம்வொர்க் பக்கத்துல உக்காந்து தொண்டத்தண்ணி வத்தறது எல்லாத்துக்கும் ஆள் வைக்கலாம், அப்ப அது வேலை. மத்தியானம் நீங்க தூங்கற தூக்கத்த இன்னொருத்தர் தூங்க முடியாது, அது மட்டும் வேலையில்ல. இவ்ளோ சிம்பிளான விஷயம்!

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018ல ஒரு அறிக்கை போட்டாங்க, உலகத்துல சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில 76.2 சதவீத நேரத்த செய்யறது பெண்கள், ஒரு நாளைக்கு சராசரியா 4 மணி 25 நிமிஷம், ஆண்கள் 1 மணி 23 நிமிஷம். நாள் பூரா வீட்ல குழந்தைங்களோட இருக்கற நீங்க அந்த 4:25ஐ மத்தியானத்துக்குள்ளயே முடிச்சிருப்பீங்க. இத வெட்டி எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டி சண்டைக்கு நிக்காதீங்க, நான் மாட்டிக்குவேன். உள்ள உக்காந்திருக்கறவ இருக்கா பாருங்க, அவகிட்ட காட்டுங்க.

இப்ப செய்ய வேண்டியது. மாசாமாசம் ஒரு தொகை, சின்னதா இருந்தாலும் பரவால்ல, உங்க பேருக்கு ஒதுக்குங்க, அவருக்கும் அதே அளவு. அதுக்கு கணக்கு கிடையாது, கேள்வி கிடையாது, எலி வளையானாலும் தனி வளை. மளிகையில மிச்சம் பிடிச்சு சேத்துக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க, அது திருட்டுத்தனம் பண்ற மாதிரியே இருக்கும், உறுத்தல் போகவே போகாது. காசு எந்த பாக்கெட்ல இருந்தாலும் காசுதானேன்னு தோணும், ஆனா மனசு அப்படிப் பாக்கறதில்ல, இது ஃபீஸு, இது கரண்ட் பில்லு, இது பசங்க ஷூன்னு தலைக்குள்ள டப்பா டப்பாவா பிரிச்சு வெச்சிருக்கும், இத பத்தி எழுதின ரிச்சர்ட் தேலருக்கு 2017ல நோபல் பரிசு குடுத்தாங்க. உங்களுக்குன்னு ஒரு டப்பா இல்லாததுதான் கோளாறு, அந்த பேக்கு பசங்க ஷூ டப்பாவுல இருந்து எடுத்த மாதிரி ஆகிடுச்சு, அதான் தோள்ல கனக்குது.

மீதிப் பாதி விலைய ஒரு நல்ல மூடா பாத்து சொல்லிடுங்க. ஒண்ணும் ஆகாது. திட்டற ஆள் இல்லன்னு நீங்க எழுதினதாலதான் இவ்ளோ லேசா பேசறேன், விலைய சொன்னா என்ன ஆகுமோன்னு நிஜமாவே நடுங்கிக்கிட்டு மறைக்கறவங்களும் எழுதியிருக்காங்க, அவங்களுக்குப் பிரச்சனை பேக்கும் இல்ல பட்ஜெட்டும் இல்ல, அவங்களுக்கு தனியா பதில் போடறேன்.

கேள்வி: பசங்க தூங்கினதும் ஃபோன எடுத்தா ஆன்லைன் கடையிலயே ஒரு மணி நேரம் போயிடுது. வாங்கறேன், ஆனா பார்சல் வந்ததும் பிரிக்கக்கூட தோணல. மூணு பார்சல் அப்படியே கிடக்கு. எனக்கு ஏதாவது ஆகிடுச்சா?

ஒண்ணும் ஆகல. 1990கள்ல உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி குரங்குங்கள வெச்சு ஆராய்ச்சி பண்ணினாரு, ஒரு சிக்னல் காட்டிட்டு கொஞ்சம் ஜூஸ் குடுப்பாங்க, பழகப் பழக அதோட மூளையில டோபமின்ங்கற ரசாயனத்த சுரக்கற செல்லுங்க ஜூஸ் வாயில விழும்போது துள்ளறத விட்டுட்டு, சிக்னல் வரும்போதே துள்ள ஆரம்பிச்சிடுச்சு. நமக்கும் ராத்திரி பத்தரை மணிக்கு ஆன்லைன் கடையோட கூடையில போடறதுதான் சிக்னல். பார்சல் வரும்போது திருவிழா முடிஞ்சு பந்தல் பிரிக்கற மாதிரி ஆகிடுது.

அதனால பாக்கறத நிறுத்த வேண்டாம், பாத்துக்கோங்க, ஆசை ஆசையா அந்தக் கூடைய ரொப்புங்க, அன்னைக்கு ராத்திரி மட்டும் காசு கட்டாதீங்க. ஃபோன்ல சேவ் ஆகியிருக்கற பேங்க் கார்டு நம்பர அழிச்சிடுங்க, ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் இருட்டுல பர்ஸ தேடி எடுத்து பதினாறு நம்பர் அடிக்கணும்னா பாதி ஆசை கட்டில விட்டு இறங்கறதுக்குள்ளயே போயிடும். காலைல பிரஷ் பண்ணிட்டு பாத்தாலும் வேணும்னு தோணுச்சா, வாங்குங்க, குத்த உணர்ச்சியே வேண்டாம். "இன்னும் ரெண்டே பீஸ்தான்"னு ஓடற செவப்பு எழுத்தையும், இன்னும் கொஞ்சம் வாங்கினா டெலிவரி ஃப்ரீங்கறதையும் கண்டுக்காதீங்க, டெலிவரி சார்ஜ மிச்சம் பிடிக்க அதுக்கு மேல செலவு பண்ணின ஆளு நான்.

அந்த மூணு பார்சலையும் இன்னைக்கே பிரிங்க. திருப்பி அனுப்பற தேதி தாண்டிடப் போகுது.

கேள்வி: நாலு சாமான் வாங்கப் போய் பதினாலு சாமானோட வர்றேன், அதுவும் கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு. லிஸ்ட் எழுதிட்டுதான் போறேன்.

லிஸ்ட குறை சொல்லாதீங்க, வண்டிய சொல்லுங்க. அந்த தள்ளுவண்டிய 1937ல கொண்டு வந்தவர் சில்வன் கோல்ட்மன், அமெரிக்காவுல சூப்பர் மார்க்கெட் வெச்சிருந்தவரு. கைக்கூடை கனமானதும் ஜனங்க வாங்கறத நிறுத்திடறாங்கன்னு கவனிச்சு, கூடைக்கு சக்கரம் வெச்சாரு. முதல்ல ஒருத்தரும் தொடல, குழந்தை வண்டி தள்ளி தள்ளி கை ஓஞ்சு போச்சு இதையும் தள்ளணுமான்னு பெண்கள் சொன்னாங்களாம். அப்புறம் அவரே காசு குடுத்து ஆளுங்கள வெச்சு, கடைக்குள்ள சும்மா வண்டி தள்ளிக்கிட்டு ஷாப்பிங் பண்ற மாதிரி நடிக்க வெச்சாரு. அத பாத்துதான் மத்தவங்க எடுத்தாங்க. அப்ப ஆரம்பிச்சது, இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கோம்.

நாலு சாமானுக்கு கூடைய எடுங்கன்னு சொல்லலாம், ஆனா இடுப்புல குழந்தையோட கூடைய தூக்கச் சொன்னா என்னைய அடிக்க வருவீங்க, எனக்கு அதுவும் வேணும்தான். அதனால வண்டியில குழந்தைய உக்கார வெச்சுட்டு, சாமான் போடற எடத்துல நீங்க கொண்டு போன பைய விரிச்சு வைங்க, பை ரொம்பினா முடிஞ்சுது. அப்புறம் பெரிய பாக்கெட்டுன்னா லாபம்னு கண்ண மூடிக்கிட்டு எடுக்காதீங்க, நிறைய எடத்துல ஷெல்ஃப்ல விலைக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு கிலோவுக்கு இல்லன்னா நூறு கிராமுக்கு எவ்ளோன்னு போட்டிருப்பான், அத மட்டும் பாருங்க, சில சமயம் சின்ன பாக்கெட்டே மலிவா இருக்கும். லிஸ்ட்ல கடைசி வரியா உங்களுக்குன்னு ஒரு ஐட்டம் எழுதிக்கோங்க, ஒரு பேனாவோ ஒரு நல்ல சோப்போ. எழுதாம போனாத்தான் பசி எடுத்த மாதிரி கண்டதையும் கை எடுக்கும்.

கேள்வி: நல்ல நாளுக்குன்னு எடுத்து வெச்ச லிப்ஸ்டிக், க்ரீம் எல்லாம் ரெண்டு வருஷமா இருக்கு. போடலாமா?

டப்பாவுக்குப் பின்னாடி மூடி தொறந்த குட்டி ஜாடி படம் இருக்கும், அதுக்குள்ள 6 எம், 12 எம்னு போட்டிருக்கும். தொறந்த பிறகு அத்தனை மாசம்தான்னு அர்த்தம். மஸ்காராவ மூணுல இருந்து ஆறு மாசத்துக்கு மேல வெச்சுக்காதீங்க, கண்ணு விஷயம். வாடை மாறினது, நீர் பிரிஞ்சு நிக்கறது எல்லாம் குப்பைக்கு. அப்புறம் அந்த நல்ல நாள் எதுன்னு முடிவு பண்ணீங்களா? செவ்வாக்கிழமை எப்படி?

கேள்வி: ஒரு திரைச்சீலை மாத்தினேன். இப்ப சோஃபா கவர் அசிங்கமா தெரியுது, அதுக்கப்புறம் கார்ப்பெட்...

நிறுத்துங்க நிறுத்துங்க. பிரான்ஸ்ல தெனி திதரோன்னு ஒரு தத்துவ ஞானி, 18ஆம் நூற்றாண்டு ஆளு, அவருக்கு புதுசா ஒரு அங்கி கிடைச்சுது, அத போட்டுக்கிட்டதும் ரூம்ல இருந்த நாற்காலி, மேசை எல்லாம் பிச்சைக்காரத்தனமா தெரிய ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா மாத்தி, கடைசியில பழைய அங்கிய நெனச்சு புலம்பி ஒரு கட்டுரையே எழுதினாரு. இந்த வியாதிக்கு அவரு பேரையே வெச்சுட்டாங்க. திரைச்சீலைய ரெண்டு தடவ துவைங்க, சோஃபாவுக்கு சரியாப் போயிடும்.

கேள்வி: ஆறு மாசத்துல முதல் தடவையா எனக்குன்னு ரெண்டு மணி நேரம் கிடைச்சுது அக்கா, அவங்க அப்பா பாத்துக்கிட்டாரு. தனியா கடைக்குப் போனேன். திரும்பி வந்து பைய பாத்தா, பசங்களுக்கு ஆறு ஜோடி சாக்ஸ். எனக்குன்னு ஒண்ணும் இல்ல. சிரிக்காதீங்க.

இங்கதான் சிரிச்சேன், மன்னிச்சுக்கோங்க. அழுகையும் வந்துச்சு.

கால் தானா அந்தப் பக்கம் போகும், தெரியும். கைய வீசிக்கிட்டு நடந்தாலே எதையோ மறந்துட்டு வந்த மாதிரி, யாரையோ எங்கயோ விட்டுட்டு வந்த மாதிரி ஒரு திக்குனு இருக்கும், சாக்ஸ எடுத்ததும்தான் அது அடங்கும். அடுத்த தடவ கடைக்கே போகாதீங்க. நூலகம், பார்க் பெஞ்சு, எங்கயாவது போய் உக்காருங்க, முதல் இருபது நிமிஷம் ஃபோன எடுத்து "சாப்டாங்களா"ன்னு கேக்கத்தான் தோணும், அத தாண்டினா நல்லா இருக்கும். இல்ல கடைதான் வேணும்னா பசங்க செக்‌ஷன் இருக்கற மாடிக்கு மட்டும் போகாதீங்க. எனக்கு அதுகூட பத்தல, லிஃப்ட்ல யாரோ அந்த பட்டன அழுத்திட்டாங்கன்னு இறங்கிட்டேன்.

சாக்ஸ் அளவு சரியா இருந்துச்சா? எனக்கு எப்பவும் ஒரு சைஸ் சின்னதாத்தான் அமையும்.